மிதந்த மணிகள்

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட புரதம் செல்லின் சவ்வில் பதிந்திருப்பது. அந்தச் சவ்வு கொழுப்பால் ஆனது. அதை விட்டு வெளியே வந்தால் புரதம் கட்டிகட்டியாகத் திரண்டு வீணாகிவிடும். அதனால் சோப்பு மாதிரிக் கொழுப்பைக் கரைக்கும் டிடர்ஜென்ட் போட்டுத்தான் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு சுத்தமான கொழுப்போடு கலந்து, டிடர்ஜென்டை மட்டும் மெல்ல உறிஞ்சி எடுத்தால், கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத குமிழிகளாக மூடிக்கொள்ளும். புரதம் அந்தச் சுவரில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது என்ன வேலை செய்கிறது என்று அப்போதுதான் தனியாகப் பார்க்க முடியும். டிடர்ஜென்ட் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் குமிழி ஒழுகும்.

எனக்கு மூன்று தடவை ஒழுகியது. ஒழுகுகிறதா என்று பார்க்கக் குமிழிக்குள் அடைத்த சாயம் மறுநாள் காலையில் வெளியே நின்றது. ஒவ்வொரு தடவையும் புரதம் தயாரிக்க மூன்று வாரம் ஆகும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். பீளமேட்டில் எங்கள் கல்லூரியில் அது எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் தடவை ஒழுகிய காலையில், ஆய்வகத் தொட்டியருகே பாத்திரம் தேய்க்கிற சோப்பு இருந்ததைப் பார்த்தேன். எனக்கு அது போதும். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவது ஒரு அக்காவின் வேலை. சிங்காநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவார், ஒப்பந்த ஊழியர். பத்துப் பேர் நடுவில் அவரை நிறுத்தி, “இத வெச்சா கழுவுனீங்க? சோப்பு ஒட்டியிருந்தா என் மூணு வாரம் நாசங்க்கா!” என்று கத்தினேன்.

“தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க மேடம்” என்றார்.

அத்தோடு விட்டேனா? அலுவலகத்தில் எழுத்தாகப் புகார் கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை அவரை விடுதிக் கழிப்பறைகளைக் கழுவ மாற்றிவிட்டார்கள்.

புதுக் குடுவைகள் வாங்கினேன். நான்காம் தடவையும் ஒழுகியது. திட்டுவதற்கு ஆள் இல்லாததால் அன்றைக்குத்தான் சோதனைக் குழாயை உற்றுப் பார்த்தேன். டிடர்ஜென்டை உறிஞ்சுவதற்காகப் போடும் சின்னஞ்சிறு மணிகள் எல்லாம் மேலே மிதந்துகொண்டிருந்தன. அவை அடியில் கிடக்க வேண்டும். முதலில் மெத்தனாலில் ஊறவைத்து, உள்ளே இருக்கும் காற்றைப் போக்கி, தண்ணீரில் அலசிவிட்டுத்தான் போட வேண்டும். காய்ந்த மணி எதையும் உறிஞ்சாது. நானோ அவசரத்தில் பாட்டிலிலிருந்து அப்படியே கொட்டிக்கொண்டிருந்தேன். மிதந்ததை மூன்று தடவையும் பார்த்தேன், கண்டுகொள்ளவில்லை.

ஐந்தாம் தடவை ஊறவைத்துப் போட்டேன். சாயம் உள்ளேயே நின்றது. அந்தச் சந்தோஷம் ஒரு டீ குடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை.

தவறு என்னுடையது என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு விடுதிக்குப் போனேன். அந்த அக்கா தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மணிகளைப் பற்றிச் சொல்லி, “தப்பு என்னோடதுங்க்கா, மன்னிச்சிருங்க” என்றேன்.

“தெரியுமுங்க” என்றார். “நீங்க சத்தம் போட்டதுக்கு முந்தின மூணு நாளும் நான் லீவுங்க. ஈரோட்டுல தங்கச்சி புள்ளைக்குச் சீருங்க. அந்தக் குடுவையெல்லாம் நீங்கதான் கழுவி வெச்சிருந்தீங்க.”

எனக்கு நினைவு வந்தது. நான்தான் கழுவினேன், அதே சோப்பைப் போட்டு. வெட்கத்தில் காது சுட்டது. “அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“அத்தனை பேரு இருக்கறப்ப இல்லைன்னு எப்படிங்க சொல்றது? உங்களப் பொய்யாக்குன மாதிரி ஆயிருமுங்களே. ரெண்டு நாள்ல நீங்களே மறந்துருவீங்கன்னு நெனச்சனுங்க. எழுதிக் குடுப்பீங்கன்னு தெரியலீங்க.”

பழைய வேலைக்கே வந்துவிடலாம், அலுவலகத்தில் பேசிவிட்டேன் என்றேன்.

“வேண்டாமுங்க அம்மணி. இங்க அழுக்கு கண்ணுக்குத் தெரியுதுங்க. தேச்சாப் போயிருது.”

வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். ஆய்வகத்தில் அவர் இடத்துக்கு வேறு ஒருவர் வந்துவிட்டார். என் குடுவைகளை மட்டும் நானே கழுவிக்கொள்கிறேன்.