பஸ் ஓட்டுநர் சொன்ன வெரோனா

மியூனிக்கிலிருந்து வெரோனாவுக்கு ஒருநாள் சுற்றுலாவாக நானும் மனைவியும் போன பஸ்ஸை ஓட்டியவர் யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த மீசை, நன்றாகத் தேய்த்த வெள்ளைச் சட்டை. எங்கள் தமிழைக் கேட்டுவிட்டு, இறங்கும்போது நிறுத்தி வழி சொன்னார்.

"முதல்ல ஆற்றைக் கடந்து கோட்டைப் படியில ஏறுங்கோ. பிறகு பாலத்தடியில ஒரு சின்னக் கடை. பூசணிக்காய் வைச்சுக் கொழுக்கட்டை மாதிரி ஒண்டு தருவினம்."

அப்படியே ஏறினோம், சாப்பிட்டோம். எங்களுக்குள் வாக்குவாதமே வராத அபூர்வமான பயணம் அது.

மாலையில், திரும்பி வந்த ஒவ்வொருவரிடமும் என்ன பார்த்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று அவர் ஜெர்மனில் விசாரித்துக்கொண்டிருந்தார். மனைவி நன்றி சொன்னாள்.

"நான் டவுனுக்குள்ள போனதேயில்லை, தங்கச்சி. இப்பிடிக் கேட்டு வைச்சிருக்கிறதுதான்."

"பக்கத்துலதானே அண்ணா, ஒரு எட்டு போய்ப் பார்த்திருக்கலாமே?" என்றாள் மனைவி.

"என்ர மனிசி இன்னும் ஊரில. விசாவுக்கு டொச் பாஷைச் சோதினை எழுதிறா, ரெண்டு தரம் சரிவரேல்லை. அவ வந்தாப்பிறகு ரெண்டு பேருமாப் பாப்பம் எண்டு விட்டிட்டன்." சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் படியில அவ செருப்போட ஏறலாமோ?"

"மெதுவா ஏறலாம் அண்ணா."

தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அந்த அக்கா பாஸ் பண்ணியிருப்பாங்களா என்று மனைவி இப்போதும் சில நாள் கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்? பண்ணியிருப்பாங்க என்றுதான் சொல்கிறேன்.