போட்டோவில் நின்றவள்

மைசூருக்குப் பக்கத்தில் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, பதினோரு வருஷமாகச் செண்டுமல்லி போடுகிறாள் பாப்பம்மாள். நிலம் மைசூர் டவுனில் விஜயநகரில் வீடு கட்டி உட்கார்ந்திருக்கும் ரிட்டயர்டு இன்ஜினியர் ஆறுமுகசாமியுடையது. காகிதம் எதுவும் கிடையாது. யுகாதிக்கு யுகாதி வெற்றிலை பாக்கோடு பணத்தைக் கொடுப்பாள், அவர் தலையை ஆட்டுவார். அதுதான் அக்ரிமென்ட்.

கொரோனா வந்ததும் பூச்சந்தையை இழுத்து மூடினார்கள். பூ செடியிலேயே அழுகியது. அப்போதுதான் அரசாங்க சர்வே ஆள் போனும் கையுமாக வந்து, பூ விவசாயிக்கு ஏக்கருக்குப் பத்தாயிரம் நிவாரணம் என்றான். பாப்பம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த நாற்றுக்கு ஆச்சு!

“யாரு தோட்டம்மா?”

“ஐயா தோட்டமுங்க. விஜயநகர் ஐயாவுது.”

பாவி மகள், வாய் தவறிச் சொல்லவில்லை. எத்தனை வருஷம் பாடுபட்டாலும் குத்தகைக்காரி ‘என் தோட்டம்’ என்று சொல்லமாட்டாள். அப்படி ஒரு மரியாதை, மண்ணாங்கட்டி மரியாதை! அவன் அதையே போனில் தட்டிக்கொண்டான். செடி உயரம் தெரியட்டும் என்று அவளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தான். அவளும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

பக்கத்துக் காட்டு ஜடையனுக்குப் பணம் வந்துவிட்டது. சொந்த நிலம், அவனுக்கென்ன. இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு ஆபீசுக்குப் போனாள். கிளார்க் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். படத்தில் அவள். பேர் ஆறுமுகசாமி. பணம் போய்ச் சேர்ந்து இருபது நாளாகியிருந்தது.

நேராக விஜயநகர் போனாள்.

“நெலம் என் பேர்ல இருக்குது பாப்பம்மா. யாருக்குக் குடுக்கோணும்னு கவர்மென்டுக்குத் தெரியாதா?” என்று இரண்டாயிரத்தை நீட்டினார். “செலவுக்கு வெச்சுக்க.”

“ஏனுங்க ஐயா, அழுகுன பூவும் உங்களுதுங்களா? குத்தகைப் பணத்துல ஒத்த ரூவா கொறைச்சீங்களா? போட்டோவுல நிக்கறது நானுங்க!”

“வாய் நீளுது. அடுத்த யுகாதிக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

பணத்தைத் தொடாமல் திரும்பினாள். வட்டிக்கு வாங்கித்தான் நாற்று நட்டாள். வேறு ஆளும் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கொரோனா காலத்தில் எந்தப் புத்திகெட்டவன் பூப் போடுவான்?

மறு வருஷமும் கொரோனா வந்தது, சந்தை மூடியது, பூ அழுகியது. அதே சர்வே ஆள் வந்தான்.

“பூவு என்னுது. பாப்பம்மாள்னு எழுது” என்றாள், அவன் கேட்பதற்கு முன்பே.

“பட்டாவுல இருக்கிற பேருதாம்மா ஏறும். நான் என்ன பண்ண? படத்துல ஆள் இல்லாட்டி இந்த வருஷம் போன்ல பதிவாகாதாம். சித்த நில்லுங்க.”

“நான் எதுக்கு நிக்கறது? பேரு யாருதோ அவரையே கூப்பிடு. இந்த நாத்தத்துல அவரு வந்து நிக்கட்டும்.”

அவன் போன் போட்டான். ஸ்பீக்கரில் ஆறுமுகசாமியின் குரல் வந்தது.

“இந்த வெயில்ல நான் எங்கப்பா வர்றது? பாப்பம்மாளையே நிக்கச் சொல்லு. அங்கதான் இருப்பா.”

சர்வே ஆள் அவள் முகத்தைப் பார்த்தான். நிலம் போனாலும் போகும் என்று அவளுக்குத் தெரியும். செடிகளை விட்டு வெளியே வந்து வரப்பில் உட்கார்ந்தாள்.

“பாப்பம்மான்னு இங்க யாருமில்லைன்னு சொல்லு” என்றாள், போனுக்குக் கேட்கிற மாதிரி.