தோளில் இருந்த கை

இது நடந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்த ஒழுங்கில் நடந்தது என்பதில்தான் சந்தேகம். முதலில் கையைக் கண்டேனா, தனஞ்சயனின் முகம் மாறியதைக் கண்டேனா... பல இரவுகள் யோசித்தும் பிடிபடவில்லை. நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்.

ஓர்ஸ் ஹில்லில் இருந்து துறைமுகப் பக்கம் இறங்கும் வீதியில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. மாரி மழை பெய்த ஒரு பின்நேரம் தனஞ்சயன் வந்தார். அவருடைய அப்பா குலசிங்கம் ஐயா இறந்து இரண்டு கிழமை. முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலருக்குப் படம் வேண்டும். ஐபோனில் எடுத்ததைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். என் கணினி அதைத் திறக்கவில்லை.

“என்ன றுவைஸ் நானா, உங்கட கம்ப்யூட்டருக்குக் கண் தெரியேல்லையோ?”

“உங்கட போன் பெரிய இடம் தம்பி. எங்களோட கதைக்காது. இருங்கோ, மாத்தி எடுப்பம்.”

அப்படிப்பட்ட படங்களை ஜேபிஜியாக மாற்ற ஒரு சின்ன மென்பொருள் வைத்திருக்கிறேன். மாற்றித் திறந்தேன். வீட்டு முற்றம். கதிரையில் ஐயா. பின்னால் தனஞ்சயனும் தங்கச்சி சோபனாவும். ஐயாவின் இடது தோளில் ஒரு கை.

கூட்டுப் படத்தில் இருந்து ஒருவரை வெட்டி எடுத்தால் தோளில் யாருடைய கையாவது மிஞ்சும். அதை அழிப்பது எங்களுக்கு அன்றாட வேலை. ஐயாவை வெட்டி எடுப்பதற்கு முன்பே, யோசிக்காமல் அழித்தேன். சேமித்தேன். சரிபார்க்க மீண்டும் திறந்தேன்.

ஐயாவின் தோள் சுத்தமாக இருந்தது.

கை தனஞ்சயனின் தோளில் இருந்தது.

ஈரமான கை. நகங்களுக்குள் மணல். மணிக்கட்டுக்கு மேலே ஒன்றுமில்லை.

தனஞ்சயன் தன் போனை எடுத்து அதே படத்தைப் பார்த்தார். அதில் எவர் தோளிலும் கை இல்லை.

மின்விசிறி டக்... டக்... என்றது.

“அப்பாவக் குளிப்பாட்டேக்க பாத்தனான்,” என்றார். “இடது தோளில நாலு விரல் அடையாளம். நீலமா. ஒரு நோய் வருத்தமும் இல்லாத மனுசன், நானா.”

திரையில் தன் தோளைச் சுட்டிக்காட்டினார்.

“அழியுங்கோ.”

“அழிச்சா எங்க போகும்?”

படத்தில் மிச்சம் சோபனா மட்டும்தான். சிரித்துக்கொண்டு நின்றாள்.

“எங்க போனா உங்களுக்கென்ன? அழியுங்கோ!”

“என்னால ஏலாது. அது உங்கட தங்கச்சி.”

மவுஸைப் பறித்தார். தானே தேய்த்தார்.

கிளிக்... கிளிக்...

சேமித்தார். திறந்தார்.

கை சோபனாவின் தோளில்.

தனஞ்சயன் மூச்சு விட்டார். நீண்ட, நிம்மதியான மூச்சு. அந்தக் கையை விட அந்த மூச்சுத்தான் எனக்கு இன்றைக்கும் பயம்.

அப்போது அவருடைய போன் அடித்தது. சோபனாவின் குரல் எனக்கும் கேட்டது.

“அண்ணா, எங்க நிக்கிறீங்க? மழை கூடுது. சோறு ஆறுது.”

“வாறன். நீ சாப்பிடு.”

“சொல்லுங்கோ அவவுக்கு,” என்றேன்.

“என்னத்தச் சொல்ல?”

அப்பாவின் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போனதும் சோபனாவின் தோளில் இருந்ததை அழிக்கப் பார்த்தேன். நானே மாற்றிய ஜேபிஜி...

திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் சோபனா படுக்கையில் இருந்து எழும்பவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு மை வாங்க லிங்கநகருக்குப் போனேன். அங்கே படக்கடை வைத்திருக்கும் இல்ஹாம் கதையோடு கதையாகச் சொன்னார். குலசிங்கம் ஐயா இறப்பதற்குச் சில நாள் முன்னர், கண்ணாடிச் சட்டம் போடுவதற்காக அதே படத்தை அவரிடம் கொண்டுபோயிருக்கிறார். அங்கும் மாற்றித்தான் திறந்திருக்கிறார்கள். அப்போது கை இருந்தது தனஞ்சயனின் தோளில்.

ஐயா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு சொன்னாராம்:

“அவன் பயந்தவன், தம்பி. அத எடுத்து என்ர தோளில வை.”

ஐயா இல்லை. சோபனா இல்லை. தனஞ்சயன் அதே வீட்டில் நல்ல சுகத்தோடு இருக்கிறார்.