கண்ணாடி வேர்க்கக் கூடாதாம்!

கல்முனையில் புதிதாகத் திறந்த கேக் கடைக்கு இன்று போனேன். வாசலிலிருந்து கடைசிச் சுவர் வரைக்கும் கண்ணாடிக் குளிர்ப்பெட்டிதான். கடையையே அதைச் சுற்றித்தான் கட்டியிருக்கிறார்கள்.

உள்ளே லைட் வெளிச்சத்தில், தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் மினுங்கியது. கண்ணாடியில் கை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. வட்டிலப்பத்தின் மேல் ஒரு இலையான், கொழுத்த ஈ, சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது.

"என்ன காக்கா, கூலிங் போடல்லயா?" என்று முதலாளியிடம் கேட்டேன். எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன்.

"போட்டா கண்ணாடி வேர்த்து வடியிது தம்பி. சாமான் வெளியால தெரியாது. அதான் லைட்ட மட்டும் போடுற."

நான் அந்த இலையானைச் சுட்டிக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கட ஊட்டுக்கு எடுத்து வெச்சது பின்னால பழைய பிரிட்ஜில கிடக்கு. அதுல ஒண்டு தரட்டா?"

சீ! அவர் பிள்ளைகள் தின்பதற்குப் பிரிட்ஜாம், நம் பிள்ளைகளுக்கு லைட்டாம்.

நீங்களும் வாங்குமுன் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், எந்த ஊர் என்று கீழே எழுதிவிட்டுப் போங்கள்.