முழுச் சேதம் என்று எழுதப்பட்ட கார்

என் கணவர் இறந்துபோன பிறகும் அவருடைய கைப்பேசியை நான் அணைக்கவில்லை. வங்கி, கேஸ் சிலிண்டர், கார் என்று எல்லாவற்றுக்கும் அவர் அந்த எண்ணைத்தான் கொடுத்து வைத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் சார்ஜரோடு அது கிடக்கும். எப்போதாவது ஒருமுறை அதிரும். எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன்.

காரை அவர்தான் ஓட்டுவார். பெட்ரோல் விஷயத்தில் மகா கறார். ஏ.சி. போட மாட்டார், கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே வைத்துக்கொள்வார். மத்திய கைலாஷ் மாதிரி பெரிய சிக்னலில் நின்றால் உடனே இன்ஜினை அணைத்துவிடுவார். பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்தாலும் நிதானமாகத்தான் சாவியைத் திருப்புவார். "சும்மா நிக்கிற வண்டி எதுக்குக் குடிக்கணும்?" என்பார்.

ஒரு மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்று அவரே அடையாறிலிருந்த ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று ஒரு சிக்னலிலும் அவர் வண்டியை அணைக்கவில்லை. அதைக் கவனித்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. இரண்டு நாள் கழித்து ஆம்புலன்ஸில் திரும்பினோம். காரை மாடி வீட்டுக்காரர் போய் எடுத்து வந்தார்.

ஐம்பதை நெருங்கும் வயதில் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். ஆர்.சி. புத்தகத்தையும் இன்சூரன்ஸையும் என் பெயருக்கு மாற்றினேன். எண்ணை மட்டும் மாற்றத் தோன்றவில்லை. வேளச்சேரியிலிருந்து மயிலாப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கும், ஆபீசுக்கும் நானே ஓட்டிக்கொண்டு போனேன். அவர் கையில் கிடைத்த மைலேஜ் எனக்குக் கிடைக்கவேயில்லை. கியரை முரட்டுத்தனமாக மாற்றும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல இருக்கும்.

அந்த வருஷ மழையில், காரை விட்டுவிட்டு ரயிலில் போயிருந்த நான் அக்கா வீட்டில் மாட்டிக்கொண்டேன். எங்கள் குடியிருப்பில் எல்லோரும் காரை மேம்பாலத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். என் கார் மட்டும் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், தூண்களுக்கு நடுவில் நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்து நான் வந்து பார்த்தபோது ஸ்டியரிங் மேலெல்லாம் சேறு காய்ந்திருந்தது.

இன்சூரன்ஸிலிருந்து சர்வேயர் வந்தார். "தண்ணி உள்ள போனப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?"

"நான் வீட்லயே இல்ல சார்."

"நல்லது. ஸ்டார்ட் பண்ணியிருந்தா கிளெய்ம் சிக்கலாயிருக்கும்." படம் எடுத்துக்கொண்டார். முழுச் சேதம் என்று எழுதிவிட்டார்கள். பழுதான வண்டிகளை எடுக்கிற புரோக்கர் ஒருவர் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். கிரேன் வந்து முன்பக்கத்தைத் தூக்கி இழுத்துக்கொண்டு போனது. தெருமுனை திரும்பும்வரை பின்பக்க பம்பரின் நசுங்கல் தெரிந்தது. தி.நகரில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது ஓர் ஆட்டோ இடித்தது அது. கிளெய்ம் போடாதவர்களுக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் போனஸ் போய்விடும் என்று அதற்கு அவர் கிளெய்ம் போடவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அவருடைய கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் வண்டி எண் தி.நகரில் சிவப்பு விளக்கைத் தாண்டியதாக அபராதச் செய்தி. தவறாக வந்திருக்கும் என்று நினைத்துத்தான் இணைப்பைத் திறந்தேன். படத்தில் எங்கள் கார். அதே நசுங்கல். ஓட்டுபவரின் முகம் தெரியவில்லை. கண்ணாடி இறங்கியிருந்தது, ஒரு முழங்கை வெளியே இருந்தது.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாது.

யாரோ சரிபண்ணி ஓட்டுகிறார்கள் என்பது புரியாமல் இல்லை. ஆனாலும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த செய்தி மயிலாப்பூரிலிருந்து வந்தது. பிறகு அடையாறு. அவர் போகிற இடங்கள்தான். ராத்திரி சாப்பிட உட்காரும்போது கைப்பேசியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். அது அதிராத நாட்களில் எங்கே சுற்றுகிறாரோ என்று மனசு கேட்கும். கேட்டது எனக்கே புரிந்ததும் எழுந்துபோய்க் கை கழுவுவேன்.

விடுமுறைக்கு வந்த மகள்தான் அந்தச் செய்திகளைப் பார்த்தாள். "அம்மா, அந்த வண்டி யாரையாவது இடிச்சா கேஸ் உன் பேர்லதான் வரும். பாலிசியும் முடிஞ்சுபோச்சு. இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்த?"

புரோக்கர் எண்ணுக்கு அடித்தோம். உபயோகத்தில் இல்லை என்றது. கடைசியாக வந்த அபராதங்களில் பல அபிராமபுரத்தில் ஒரே தெருவில், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்காக வந்தவை. மகள் ஊருக்குப் போன பிறகு ஒரு காலையில் நான் மட்டும் போய் அந்தத் தெருவில், மருந்துக் கடை நிழலில் நின்றேன்.

கார் வந்தது. முப்பது வயதுக்காரர் ஒருவர் இறங்கி டிக்கியைத் திறந்தார். உள்ளே தெர்மாகோல் பெட்டிகளில் ஐஸும் மீனும். பட்டினப்பாக்கத்திலிருந்து வருகிறார் என்று பிறகு தெரிந்தது. என்னைப் பார்த்ததும், "இன்னாமா வேணும்? வஞ்சிரம் கீது, சங்கரா கீது" என்றார்.

"தம்பி, இந்த வண்டி என் பேர்ல இருக்கு."

அவர் கை ஐஸுக்குள்ளேயே நின்றுவிட்டது. "நான் துட்டு குட்த்து வாங்கனதும்மா. பேப்பர் வரும் வரும்னு புரோக்கர் இஸ்துக்கினே கீறான்."

"தெரியும். சண்டைக்கு வரல. உங்க பேருக்கு மாத்திக்கணும், இன்சூரன்ஸ் போட்டுக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

அவருக்கு மூச்சு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டே, "வண்டி சோக்காத்தான் கீது. ஏ.சி. மட்டும் தண்ணில பூட்ச்சு" என்றார். கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணும்மா. சிக்னல்ல நின்னா தானா ஆஃப் ஆயிடுது. ரெண்டு மெக்கானிக் பாத்துட்டாங்க. ஊறிப்போன ஒயரு, சூடு ஏறனா அப்டித்தான்னு சொல்றாங்க."

"எல்லா சிக்னல்லயுமா?"

"இல்லம்மா. பெரிய சிக்னல்ல மட்டும். சின்னதுல ஒண்ணும் ஆவறதில்ல."

நான் கார் கூரையைப் பிடித்துக்கொண்டேன். வெயில் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

அடுத்த வாரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அந்தக் காரிலேயே போனோம். நான் முன்னால், என்னுடைய பழைய இடத்தில். மீன் வாடைக்கு அடியில் அந்தச் சேற்று வாடை இன்னும் இருந்தது. பெரிய சிக்னல் ஒன்றில் நின்றோம். இன்ஜின் சத்தம் மெல்லக் குறைந்து அடங்கியது. அவர் சும்மா இருந்தார், பழகிவிட்டது போலும். பின்னால் ஹாரன்கள். நான் வலது பக்கம் திரும்பவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை நிதானமாகச் சாவியைத் திருப்புகிற சத்தம் கேட்டது. வண்டி கிளம்பி, வெகுதூரம் போன பிறகுதான் பக்கத்தில் பார்த்தேன். மீன்காரத் தம்பி எதிர்வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார்.

பெயர் மாறிவிட்டது. இன்சூரன்ஸும் அவர் பெயரில் எடுத்தாயிற்று. இப்போது அபராதம் வந்தால் அவருடைய எண்ணுக்குத்தான் போகும். நான் மறுபடி கார் வாங்கவில்லை. ஆபீசுக்கும் அக்கா வீட்டுக்கும் பறக்கும் ரயிலில் போய் வருகிறேன்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் குடியிருப்புக்கும் மீன் கொண்டுவருகிறார். "அம்மா, வரலியா?" என்று கீழிருந்து குரல் கொடுப்பார். உடம்பு சரியில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்பேன். பால்கனியிலிருந்து பார்த்தால் காரின் கூரை மட்டும் தெரியும். ஓட்டுகிறவரின் இடம் தெரியாது. அங்கே யார் இருக்கிறார் என்று பார்த்துவிடக் கூடாது என்றுதான் நான் கீழே இறங்குவதில்லை.