காற்று இறைத்த சிப்பிக் குழி

கல்யாணமான மூன்றாம் மாதமே என் புருஷனைக் கடலிடமிருந்து ஒரு குழி பறித்துக்கொண்டது. தங்கள் கோட்டைக்குச் சுண்ணாம்பு சுட, ஏரியோரம் ஒல்லாந்து வெள்ளைக்காரர்கள் தோண்டிய சிப்பிக் குழி அது. இரண்டு முழம் வெட்டினால் ஊற்று பொங்கும். எங்கள் குப்பத்து ஆண்களை இறைகூடையோடு நிறுத்திப் பொழுது முழுக்க இறைக்க வைத்தார்கள். கட்டுமரம் கரையில் காய்ந்தது. மனுஷனும் சேர்ந்து காய்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு ஒல்லாந்துத் தச்சன் ஒருவன் வந்து குழிக்கரையில் நாலு கை வைத்த காற்றாடி நட்டான். காற்று கைகளைச் சுற்றினால், கீழே பலகைச் சக்கரம் குழித் தண்ணீரை வாரி ஏரிக்குப் போகும் வாய்க்காலில் தள்ளும். அது ஓடினால் ஆண்களை விட்டுவிடுவோம் என்று கோட்டையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். கைகளுக்குப் பாய் தைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். துணி மூன்று கைக்குத்தான் கண்டது. நாலாவதற்கு, யாரிடமும் வாய் திறக்காமல், எங்கள் கட்டுமரத்துப் பாயை வெட்டினேன்.

மத்தியானம் ஓட்டலாம் என்றான் தச்சன். எங்களுக்கு ஏது பொறுமை? எந்தத் தொழிலும் விடியலில் தொடங்கித்தான் பழக்கம். அவன் எழுமுன் தேங்காய் உடைத்து, கைகளைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டோம். காற்றாடி கடலைப் பார்த்து நின்றது. விடியல் காற்றோ கரையிலிருந்து வரும். பின்னாலிருந்து அடித்ததில் அது எதிர்ப்பக்கமாகச் சுற்றி, வாய்க்கால் தண்ணீரையெல்லாம் குழிக்குள்ளேயே கொட்டியது. சக்கரத்தைப் பார்த்துக்கொள்ள உள்ளே இறங்கி இடுப்பளவு நீரில் நின்ற என் புருஷன், "இன்னாடா பண்றீங்க!" என்று அலறினார். ஓடிவந்த தச்சன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இது ஓடாவிட்டால் அவருக்குக் குழிதான் கதி.

"கடல்ல காத்து மாறுனா பாயை மாத்திக் கட்ட மாட்டீங்களா? இதுவும் பாய்தானே!" என்று கத்தினேன்.

ஆண்கள் காற்றாடியிடம் ஓடினார்கள். கயிறு போட்டுக் கைகளை நிறுத்தி, ஒவ்வொரு பாயையும் எதிர்ப்பக்க விளிம்புக்கு மாற்றிக் கட்டினார்கள். காற்றாடி ஒழுங்காகச் சுற்றியது. மத்தியானம் கடல்காற்று எழுந்ததும் பழையபடி கட்டினோம். சாயங்காலம் குழியின் அடியில் சிப்பி வெள்ளை வெளேரென்று தெரிந்தது. தச்சன் குதித்தான், நாங்களும் குதித்தோம்.

மறுநாள் விடியலில் என் புருஷன் கட்டுமரத்துக்கு ஓடினார்.

"ஏய், பாய் எங்கடி?"

காற்றாடியைக் காட்டினேன். அவர் கையால் ஒட்டுப் போட்ட பாய் மேலே போய்க் கீழே வந்தது.

"அடிப்பாவி!" என்று சிரித்து மணலில் விழுந்தார்.

வீட்டுக்கு ஓடி என் சிவப்புக் கூறைப்புடவையை எடுத்து வந்தேன். "இத்தப் பாயாக் கட்டிக்கினு போ, மாமா."

குப்பமே கேலி செய்தது. அந்தச் சிவப்பு கண்ணுக்கு மறையும்வரை நான் கரையை விட்டு நகரவில்லை.