இளவரசிக்காகச் செத்த சித்தப்பா

இன்னிக்கு சாயங்காலம் பேக்டரி விட்டு ரயில்ல வரும்போது வாரப்பத்திரிகைல படக்கதை படிச்சிக்கினு இருந்தேன்.

போன வாரம் விஷம் குடிச்ச இளவரசி, இந்த வாரம் ராஜகுமாரன் மடியிலயே செத்துட்டா. நான் தேம்பித் தேம்பி அழுதுட்டேன்.

எதிர்ல இருந்த, தெனமும் இதே வண்டில வர்ற மீன்கூடைக்கார அம்மா பதறிப்போய், “யாரு நைனா தவறிட்டாங்க?”ன்னு கேட்டாங்க.

இஞ்சின் கரி கண்ணுல விழுந்துச்சுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம். “எனக்கு இருந்த ஒரே சித்தப்பாம்மா”ன்னுட்டேன்.

பாவம், ஆரம்பாக்கம் வர்ற வரைக்கும் என் கையப் புடிச்சிக்கினு அவங்களும் அழுதாங்க.

எறங்கினா, பிளாட்பாரத்துல சித்தப்பா நிக்கறாரு. “புக்கு எங்கடா? இளவரசி பொழச்சாளா?”

பின்னாடியே எறங்கின அந்தம்மா, “யாரு இவரு?”ன்னாங்க.

“இவன் சித்தப்பாம்மா”ன்னு அவரே சொல்லிட்டாரு.

அந்தம்மா கூடையத் தூக்கிக்கினு போயிட்டாங்க.

இளவரசிய எப்படியும் மந்திரவாதி எழுப்பிடுவான். நாளைக்கு நான் எந்த வண்டில போறது, சொல்லுங்க.